மூலம் என்று நினைத்தது

மலேசியாவின் பொந்தியான் கடைத்தெருவில் நின்றுகொண்டு மூலத்துக்கு என்ன மருந்து என்று கேட்டால் பத்துப் பேர் பத்து வைத்தியம் சொல்வார்கள். துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டு என்பார் ஒருவர். கருணைக்கிழங்கை மசித்துச் சாப்பிடு என்பார் இன்னொருவர். சீன மருந்துக்கடைக்காரர் ஒரு பொட்டலம் எடுத்து நீட்டுவார். வீட்டுக்கு வந்தால் அம்மாவோ மனைவியோ, “எல்லாம் உடம்புச் சூடு, இளநீர் குடி, காரத்தைக் குறை” என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். மலம் கழிக்கும்போது ரத்தம் வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இருப்பது மூலம்தான், அல்லது வெடிப்புதான். ஆகவே அந்தத் தீர்ப்பு அநேகமாகத் தப்பாது.

தப்பும் சிலரைப் பற்றியது இந்த அத்தியாயம். ஆசனவாய்ப் புற்றுநோய் அரிய நோய். உலகின் பல நாடுகளில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ வருவது. பெருங்குடல் புற்றுநோயோடு ஒப்பிட்டால் இது ஒரு மூலையில் கிடக்கும் நோய். பிறகு ஏன் இதற்குத் தனி அத்தியாயம்? அந்த ஒன்று, இரண்டு என்ற கணக்கு எல்லோரையும் சேர்த்துப் போட்ட சராசரி. அதைப் பிரித்துப் பார்த்தால் கதை வேறு.

2021இல் கேரி கிளிஃபோர்டும் அவரது குழுவினரும் உலகெங்கும் வந்த ஆய்வுகளைத் திரட்டி இந்தச் சராசரியைப் பிரித்துக் காட்டினார்கள். எச்.ஐ.வி. உள்ள, ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 85 பேர். எச்.ஐ.வி. உள்ள மற்ற ஆண்களில் 32. எச்.ஐ.வி. உள்ள பெண்களில் 22. எச்.ஐ.வி. இல்லாத, ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களில் 19. சிறுநீரகமோ கல்லீரலோ மாற்றிக்கொண்டவர்களில் 13. பெண்ணுறுப்பின் வெளிப்பகுதியில் புற்றுநோய் வந்த பெண்களில் 48. கடைசி எண்ணை மறுபடி ஒருமுறை பாருங்கள். இது ‘அவர்களுக்கு’ வரும் நோய் என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறவர்கள் இந்த எண்ணை எங்கே வைப்பார்கள்? மொத்த நோயாளிகளை எண்ணினாலும், பல நாடுகளில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம்.

இவர்கள் எல்லோரையும் இணைக்கும் கயிறு ஒரு வைரஸ். ஹியூமன் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் இதுதான் என்று ஜெர்மனியின் ஹரால்ட் சுர் ஹவுசன் பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 1983இல் அவரது ஆய்வகம் 16ஆம் வகை வைரஸைப் பிரித்துக் காட்டியது. 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆசனவாய்ப் புற்றுநோயில் பத்தில் ஒன்பது பங்குக்கு இதே வைரஸ்தான் காரணம். அதிலும் பெரும்பங்கு அந்த 16ஆம் வகைக்கே.

கருப்பை வாய்க்கும் ஆசனவாய்க்கும் உடலில் என்ன உறவு என்று தோன்றலாம். இரண்டு இடங்களிலும் ஒரு வகைத் தோல் முடிந்து இன்னொரு வகை தொடங்குகிறது. ஆசனக் குழாய் நான்கு சென்டிமீட்டர் அளவுதான் நீளம். கீழே வெளித்தோலைப் போன்ற தட்டையான செல்கள், மேலே குடலின் உயரமான செல்கள். இரண்டும் சேரும் கோடு ஒரு தையல் மாதிரி. தையலில் துணி முதலில் இற்றுப்போவதுபோல, ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும் இந்தச் செல்களில்தான் வைரஸ் எளிதில் வேர்பிடிக்கிறது. பெரும்பாலானவர்களின் உடல் ஓரிரு ஆண்டுகளில் அதைத் துரத்திவிடும். எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களிடம் அது தங்கிவிடுகிறது. தங்கிய இடத்தில் செல்கள் மெல்லத் தடம் மாறுகின்றன. முற்றிய தடமாற்றத்தை மருத்துவர்கள் ‘உயர்நிலை மாற்றம்’ என்கிறார்கள். அது இன்னும் புற்றுநோய் இல்லை. புற்றுநோயாக மாறக்கூடிய ஒன்று, அவ்வளவே. முன்கூட்டிக் கண்டறியும் பரிசோதனைகள் எல்லாம் இந்த இடைவெளியை நம்பித்தான் இருக்கின்றன.

இந்த இடைவெளியைப் பயன்படுத்த முடியுமா என்பதற்கு நல்ல விடை ஒன்று தமிழ்நாட்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது. திண்டுக்கல் மாவட்டம், ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் அம்பிளிக்கை. 2000ஆம் ஆண்டு அங்கே ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. பிரான்சின் லியோன் நகரில், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பில் இருந்த ஆர். சங்கரநாராயணன் அதை முன்னின்று நடத்தினார். பயிற்சி பெற்ற செவிலியர் கிராமத்துக்கே போவார். 30 முதல் 59 வயதுள்ள பெண்களை அழைப்பார். ஒரு பஞ்சு உருண்டையை நான்கு சதவீத அசிட்டிக் அமிலத்தில், அதாவது வினிகரில் இருக்கும் அதே அமிலத்தில், நனைத்துக் கருப்பை வாயில் ஒற்றி எடுப்பார். ஒரு நிமிடம் காத்திருப்பார். தடம் மாறிய செல்களில் புரதமும் உட்கருவும் அடர்த்தியாக இருக்கும். அமிலம் பட்டதும் அந்த இடம் மட்டும் வெள்ளையாக வெளுக்கும். மைக்ரோஸ்கோப் வேண்டாம், லேப் வேண்டாம், வாரக்கணக்கில் முடிவுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். வெளுத்திருந்தால் பொருத்தமானவர்களுக்கு அன்றே உறைய வைக்கும் சிகிச்சை.

பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட குழுவில் சுமார் 49 ஆயிரம் பெண்கள், ஒப்பீட்டுக் குழுவில் சுமார் 31 ஆயிரம் பெண்கள். 2007இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது. கருப்பைவாய்ப் புற்றுநோய் வருவது 25 சதவீதமும் அதனால் சாவது 35 சதவீதமும் குறைந்திருந்தன. அத்தனையும் ஒரே ஒரு முறை பார்த்ததற்குக் கிடைத்த பலன். ஏழை நாட்டுப் பரிசோதனை என்று உதட்டைப் பிதுக்கியவர்களும் அந்த எண்ணுக்கு முன் கொஞ்சம் நிதானித்தார்கள்.

அதே வைரஸ், அதே வகைத் தோல், வெளுக்கும் அமிலமும் அதே. அப்படியானால் அம்பிளிக்கை முறையை அப்படியே ஆசனவாய்க்குக் கொண்டுவந்துவிடலாமே? முடியவில்லை. காரணம் உடலமைப்பு. கருப்பை வாயை விளக்கடித்தால் முழுதாகப் பார்க்கலாம். ஆசனக் குழாய் மடிப்பு மடிப்பாகச் சுருங்கிக் கிடப்பது. சளி இருக்கும், மூல முடிச்சுகள் இருக்கும், பழைய மருக்கள் இருக்கும். அமிலம் தடவினால் தீங்கில்லாத பல இடங்களும் வெளுக்கும். எது நல்ல வெள்ளை, எது கெட்ட வெள்ளை என்று பிரித்தறியப் பெரிதாக்கிக் காட்டும் கருவியும் பழகிய கண்ணும் வேண்டும். சிகிச்சையிலும் சிக்கல். கருப்பை வாயில் சந்தேகத்துக்குரிய வளையம் முழுவதையும் உறைய வைக்கலாம், வெட்டி எடுக்கலாம். இங்கே வளையம் முழுவதையும் எடுத்தால் வழி சுருங்கிவிடும், மலத்தை அடக்கும் தசை கெட்டுவிடும். ஆகவே கெட்ட புள்ளியைத் தேடிப் பிடித்து அதை மட்டும் சுட வேண்டும். அந்தப் புள்ளியும் சிலருக்கு அடுத்த ஆண்டே பக்கத்தில் திரும்ப முளைக்கும்.

இதனால் மருத்துவ உலகில் நெடுங்காலம் ஒரு சண்டை இருந்தது. கண்டுபிடித்துச் சுடுவதால் உண்மையில் புற்றுநோய் குறைகிறதா? இல்லை, வீணாக வலியையும் பயத்தையும் கொடுக்கிறோமா? இரண்டாம் கட்சியின் வாதம் அற்பமானதல்ல. உயர்நிலை மாற்றங்களில் கணிசமானவை தாமாகவே மறைந்துவிடுகின்றன என்று சிட்னியில் நடந்த ஆய்வு காட்டியிருந்தது. மறையப்போவதையும் சேர்த்துச் சுட்டுக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் சிகிச்சை இல்லை.

விடை 2022 ஜூனில் வந்தது. கலிபோர்னியாவின் ஜோயல் பலெஃப்ஸ்கி தலைமையில் அமெரிக்காவின் 25 மையங்களில் நடந்த ‘ஆங்கர்’ ஆய்வு அது. எச்.ஐ.வி. உள்ள, 35 வயது தாண்டிய 10,723 பேரைப் பரிசோதித்தார்கள். பாதிப் பேருக்கு மேல், சரியாகச் சொன்னால் 52 சதவீதத்தினருக்கு, உயர்நிலை மாற்றம் இருந்தது. பெண்களில்கூட 46 சதவீதம். 17 பேருக்கு அந்த முதல் பரிசோதனையிலேயே புற்றுநோய் இருந்தது.

மாற்றம் இருந்தவர்களில் 4,459 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சிகிச்சை. பெரும்பாலும் கிளினிக்கிலேயே, மரத்துப்போக ஊசி போட்டு, மின்சூட்டால் தீய்ப்பது. இன்னொரு குழுவை விடாமல் கண்காணிப்பது மட்டும். சராசரியாக இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல் தொடர்ந்ததில், சிகிச்சைக் குழுவில் 9 பேருக்கும் கண்காணிப்புக் குழுவில் 21 பேருக்கும் புற்றுநோய் வந்தது. 57 சதவீதக் குறைவு. இந்த வித்தியாசம் தெரிந்ததும் 2021 அக்டோபரில் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தி எல்லோருக்கும் சிகிச்சை கொடுக்கச் சொன்னார்கள்.

57 சதவீதம் என்பதைப் பார்த்ததும் துள்ளிக் குதிக்க வேண்டாம். அந்த எண்ணைப் பிரித்தும் பார்க்க வேண்டும். உயர்நிலை மாற்றம் உள்ள ஆயிரம் பேரை ஓராண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் நான்கு பேருக்குப் புற்றுநோய் வரும். ஆயிரம் பேரையும் சுட்டால் அது இரண்டுக்கும் கீழே இறங்கும். மீதி 996 பேருக்கு அந்த ஆண்டு எதுவும் செய்யாவிட்டாலும் புற்றுநோய் வந்திருக்காது. அந்த நால்வர் யார் என்று முன்னதாகச் சொல்லும் சோதனை இன்னும் கையில் இல்லை. ஆண்டுகள் கூடக்கூட அந்த நான்கு எட்டாகும், பன்னிரண்டாகும் என்பதும் உண்மை. மருத்துவம் சிகிச்சையின் பக்கம் சாய்ந்தது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான். அது சரியான முடிவு என்றே எனக்கும் படுகிறது. ஆனால் சிகிச்சைக்கு உட்காரும் ஒவ்வொருவருக்கும் இந்தக் கணக்கைச் சொல்ல வேண்டிய கடமை மருத்துவருக்கு உண்டு.

2024 தொடக்கத்தில் சர்வதேச ஆசனவாய்ப் புற்று சங்கம் தன் வழிகாட்டியை வெளியிட்டது. பொதுமக்களைவிடப் பத்து மடங்கோ அதற்கு மேலோ ஆபத்து உள்ளவர்கள் யார் என்று கோடு போட்டது. எச்.ஐ.வி. உள்ள, ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களுக்கும் எச்.ஐ.வி. உள்ள திருநங்கைகளுக்கும் 35 வயதிலிருந்து. எச்.ஐ.வி. உள்ள மற்ற ஆண் பெண் எல்லோருக்கும் 45 வயதிலிருந்து. எச்.ஐ.வி. இல்லாத, ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களுக்கும் திருநங்கைகளுக்கும் அதே 45. பெண்ணுறுப்பின் வெளிப்பகுதியில் புற்றோ அதற்கு முந்தைய மாற்றமோ கண்டுபிடிக்கப்பட்டால் ஓராண்டுக்குள். உறுப்பு மாற்றிக்கொண்டவர்களுக்கு, மாற்றி 10 ஆண்டு ஆனதிலிருந்து. கருப்பை வாயில் முன்பு மாற்றம் கண்ட பெண்கள், மூட்டுவாதத்துக்கோ லூபஸுக்கோ நீண்டகாலம் ஸ்டீராய்டு போன்ற மருந்து எடுப்பவர்கள் 45 வயதுக்கு மேல் மருத்துவரோடு பேசி முடிவு செய்யலாம்.

பரிசோதனை எப்படி நடக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன், பாதி பயம் தெரியாமையால் வருவது. ஒருக்களித்துப் படுக்கச் சொல்வார்கள், முழங்காலை மடக்கி. செயற்கை இழை சுற்றிய நீண்ட குச்சி ஒன்றை வெறும் குழாய்த் தண்ணீரில் நனைத்து ஐந்து சென்டிமீட்டர் அளவு உள்ளே விட்டு, பக்கவாட்டில் லேசாக அழுத்தியபடி மெல்லச் சுழற்றி வெளியே எடுப்பார்கள். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கூச்சம் இருக்கும், வலி அநேகமாக இருக்காது. குச்சியைத் திரவப் புட்டியில் ஆட்டிக் கலக்கி லேபுக்கு அனுப்புவார்கள். அங்கே செல்களின் தோற்றத்தைப் பார்ப்பார்கள், அல்லது எச்.பி.வி. இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அல்லது இரண்டையும். இதில் வரிசை முக்கியம். முதலில் குச்சி, பிறகுதான் விரல். விரல் பரிசோதனைக்குத் தடவும் ஜெல் பட்டால் மாதிரி கெட்டுவிடும்.

குச்சி சந்தேகம் சொன்னால் அடுத்தது பெரிதாக்கிப் பார்க்கும் சோதனை. ஹை ரெசல்யூஷன் அனோஸ்கோப்பி என்று பெயர். சிறு குழல் ஒன்றை உள்ளே வைத்து, அசிட்டிக் அமிலத்தில் நனைத்த துணியை ஓரிரு நிமிடம் விட்டு, வெளுத்த இடங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். பிறகு அயோடின் தடவி மறுபடி பார்ப்பார்கள். கெட்ட இடத்திலிருந்து கடுகளவு சதையைக் கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். இந்தக் கண் எளிதில் வாய்ப்பதில்லை. ஆண்டுக்குக் குறைந்தது 50 பேரையாவது இப்படிப் பார்த்து, 20 பேரிடமாவது உயர்நிலை மாற்றத்தைக் கண்டுபிடிக்கிறவரே இதில் கைதேர்ந்தவர் என்று அதே சங்கம் 2016இல் அளவுகோல் வைத்தது. உலகெங்குமே இப்படிப்பட்டவர்கள் குறைவு, இருப்பவர்களும் பெருநகரங்களில்தான்.

சிக்கல் இங்கேதான் முடிச்சாகிறது. குச்சி மலிவு, யாரும் எடுக்கலாம். எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் எடுத்தால் பாதிப் பேருக்காவது ‘சந்தேகம்’ என்று வரும். அந்தப் பாதிப் பேரை எங்கே அனுப்புவது? அனுப்ப இடமில்லாத ஊரில் குச்சியை மட்டும் கொண்டுவந்து நிறுத்துவது, ஒருவர் கையில் பயத்தை எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதற்குச் சமம். கண்டுபிடித்தால் செய்வதற்குச் சிகிச்சையும் அதைச் செய்யும் வசதியும் இல்லாமல் பரிசோதனைத் திட்டம் தொடங்காதே என்று 1968இலேயே வில்சன், யுங்னர் என்ற இருவர் உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதி வைத்தார்கள். 2024 வழிகாட்டியும் இதையே சொல்கிறது: பெரிதாக்கிப் பார்க்கும் வசதி இல்லாத இடத்தில் குச்சிப் பரிசோதனை செய்ய வேண்டாம்.

பொந்தியானில் இருக்கும் ஒருவருக்கு இதன் அர்த்தம் என்ன? ஊர் ஜொகூரின் தென்மேற்குக் கரை. ஒரு பக்கம் கூக்கூப்பின் மீன்பிடிக் கிராமம், அதற்குத் தெற்கே ஆசியப் பெருநிலத்தின் தென்முனையான தஞ்சோங் பியாய். இன்னொரு பக்கம் அன்னாசியின் பெயரையே ஊர்ப்பெயராகக் கொண்ட பெக்கான் நானாஸ். இடையில் செம்பனை. அரசு மருத்துவமனை ஊரிலேயே இருக்கிறது. அரசு கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளி. கதிர்வீச்சுச் சிகிச்சை வேண்டும் என்றால் ஜொகூர் பாருவின் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை. ஏறக்குறைய 60 கிலோமீட்டர்.

மலேசியாவில் முதல் எச்.ஐ.வி. நோயாளிகள் கண்டறியப்பட்டது 1986இல். அதே ஆண்டுதான் சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவரது மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். அன்று அது மரண ஓலை. 2006 முதல் மலேசிய அரசு முதல்வரிசை மருந்துகளை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. மருந்தை ஒழுங்காகப் போடுகிறவர் இன்று அறுபது, எழுபது வயதுவரை வாழ்கிறார். ஆசனவாய்ப் புற்றுநோய் தலைகாட்டுவதும் அங்கேதான். எச்.ஐ.வி. உள்ள, ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களில் 30 வயதுக்குக் கீழே லட்சத்துக்கு 17 ஆக இருக்கும் எண், 60 தாண்டினால் நூறைத் தாண்டுகிறது. வைரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரை எச்.ஐ.வி.யை அடக்கும். ஆனால் பத்திருபது ஆண்டுகளாகத் தங்கிவிட்ட எச்.பி.வி.யையும் அது அடக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

அத்தோடு ஒரு மௌனமும் இருக்கிறது. ஆசனவழி உறவைக் குற்றமாக வைக்கும் மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 377ஏ பிரிவு இன்றும் நடப்பில் இருக்கிறது. தன்னைப் பற்றிச் சொன்னால் குற்றவாளியாகிவிடுவோமோ என்று அஞ்சுகிற ஒருவர், கவுண்டருக்குப் பின்னால் உறவினர் மகள் வேலை செய்யும் சிறு ஊர் கிளினிக்கில் எதைச் சொல்வார்? மூலம் என்று சொல்வார். மூலத்துக்கு மலாயில் உள்ள பெயரான ‘புவாசிர்’ என்று அட்டையில் எழுதப்படும். களிம்பு கிடைக்கும். இந்தக் கூச்சம் ஏழைகளுக்கும் சிறு ஊர்களுக்கும் மட்டும் உரியதல்ல. ஹாலிவுட் நடிகை மார்சியா கிராஸ் தனக்கு இந்த நோய் வந்து குணமானதை 2019இல் வெளிப்படையாகப் பேசியபோது, அந்த உறுப்பின் பெயரை உரக்கச் சொன்னதே அங்கே செய்தியாயிற்று.

பெரிய கருவி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. பொந்தியானின் எந்தக் கிளினிக்கிலும் இன்றே செய்யக்கூடிய பரிசோதனை ஒன்று உண்டு. கையுறை, கொஞ்சம் ஜெல், ஒரு விரல். மருத்துவர் முதலில் வெளித்தோலை விரித்துப் பார்ப்பார். பிறகு ஆள்காட்டி விரலை மெதுவாக உள்ளே விட்டு, குழாயின் சுவரை முழு வட்டமாகத் தடவிப் பார்ப்பார். மூல முடிச்சு மெத்தென்று இருக்கும், அழுத்தினால் அமுங்கும். பல சமயம் விரலுக்குத் தட்டுப்படவே தட்டுப்படாது. புற்றுக்கட்டி கெட்டியாக, ஓரம் தடித்து, அடியோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். விரலை அழுத்தும் இடத்தில் ஒரே புள்ளியில் வலி என்றால் அதுவும் குறிப்புதான். ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு இதை ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டும். பெரிதாக்கிப் பார்க்கும் வசதி இல்லாத இடத்திலும் இதை நிறுத்தக்கூடாது என்பதே வழிகாட்டியின் நிலை.

விரல் பரிசோதனை புற்றுநோயை வராமல் தடுக்காது. செல்கள் தடம் மாறும் கட்டத்தை விரல் உணராது. அது பிடிப்பது சிறிய கட்டியை. இரண்டு சென்டிமீட்டருக்குள் பிடித்தால் முதல் நிலை. பரவாத நிலையில் சிகிச்சை பெறுகிறவர்களில் ஐந்தில் நால்வர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள். தொலைவில் பரவிய பிறகு வந்தால் மூன்றில் ஒருவர்தான். நோயாளி தானே விரலால் தொட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று அமெரிக்காவின் ஆலன் நைட்ரே சிகாகோவிலும் ஹூஸ்டனிலும் ஆராய்ந்தார். கற்றுக்கொண்டவர்கள் சொன்னது பெரும்பாலும் மருத்துவர் சொன்னதோடு ஒத்துப்போனது. கூச்சத்தால் கிளினிக் வாசலை மிதிக்காதவருக்கு அதுவும் ஒரு வழி.

கண்டுபிடித்த பிறகு என்ன ஆகும் என்ற பயம் இன்னொரு தடை. வயிற்றில் பை கட்டிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருப்பார்கள். ஒரு காலத்தில் அது உண்மை. ஆசனவாயையே வெட்டி எடுத்துவிட்டு வயிற்றில் வழி வைப்பார்கள். 1974இல் டெட்ராய்ட் நகரின் அறுவை மருத்துவர் நார்மன் நிக்ரோ, அறுவைக்கு முன் கட்டியைச் சுருக்கலாமே என்று மூன்று பேருக்கு இரண்டு மருந்துகளோடு கதிர்வீச்சும் கொடுத்தார். இருவருக்கு அறுவை செய்து எடுத்த சதையில் புற்றையே காணோம். மூன்றாமவர் அறுவை வேண்டாம் என்று மறுத்துவிட்டார், அவருக்கும் நோய் திரும்பவில்லை. அன்றிலிருந்து பெரும்பாலானவர்களுக்குக் கத்தி இல்லை, பை இல்லை. ஐந்தாறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் கதிர்வீச்சு, கூடவே மருந்து. தோல் வெந்துபோகும், அந்த வாரங்கள் கடினமானவை. பொந்தியானிலிருந்து தினமும் போய்வருவது எப்படி, தோட்டத்து முதலாளியிடம் ஒன்றரை மாத விடுப்பு கேட்பது எப்படி என்பதும் சிகிச்சையின் பகுதிதான். அதை மருத்துவமனையின் சமூகநலப் பிரிவிடம் முதல் நாளே பேசிவிடுவது நல்லது.

தடுப்பூசி பற்றி ஒரு வார்த்தை. 2010 முதல் மலேசியப் பள்ளிகளில் 13 வயதுப் பெண்களுக்கு எச்.பி.வி. தடுப்பூசி இலவசமாகப் போடப்பட்டது. அந்த முதல் வரிசைப் பெண்கள் இப்போது முப்பதை நெருங்குகிறார்கள். கருப்பை வாயைக் காக்கப் போட்ட அந்த ஊசி அவர்களின் ஆசனவாயையும் சேர்த்தே காக்கிறது. ஆண்களிலும் பலன் உண்டு என்று 2011இல் பலெஃப்ஸ்கி குழுவே காட்டியது. ஆனால் ஊசி வேலை செய்வது வைரஸ் வருவதற்கு முன்னால். ஐம்பது வயதில், ஏற்கெனவே மாற்றம் கண்டவருக்கு, அது பரிசோதனைக்கு மாற்று ஆகாது.

மாதிரி எடுப்பதையும் தொடர் சிகிச்சையையும் ஒரே திட்டத்தில் கட்ட முடியும் என்பதற்கு மலேசியாவிலேயே ‘ரோஸ்’ இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஊ யின் லிங் ஆஸ்திரேலிய அமைப்பு ஒன்றோடு சேர்ந்து உருவாக்கியது. கருப்பைவாய்ப் பரிசோதனைக்குப் பெண்ணே குச்சியில் மாதிரி எடுத்துக் கொடுக்கிறார், முடிவு அவரது கைப்பேசிக்கு வருகிறது, சந்தேகம் இருந்தால் அடுத்த மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை திட்டம் அவரை விடுவதில்லை. ஆசனவாய்க்கும் இப்படி ஒன்று வேண்டும் என்றால், குச்சி வாங்குவதற்கு முன் ஜொகூர் பாருவில் இருவரையாவது பெரிதாக்கிப் பார்க்கும் சோதனைக்குப் பயிற்றுவிக்க வேண்டும். செலவு கருவிக்கு அல்ல, ஆளுக்கு.

வாசகருக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ரத்தமோ, அரிப்போ, வலியோ, ஒரு தடிப்போ மூல மருந்துக்கு இரண்டு, மூன்று வாரத்தில் அடங்காவிட்டால் களிம்பை மாற்றாதீர்கள். கிளினிக்குக்குப் போய், விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் எச்.ஐ.வி. மருந்து எடுப்பவராக, சிறுநீரகம் மாற்றிக்கொண்டவராக, கருப்பை வாயிலோ பெண்ணுறுப்பிலோ மாற்றம் கண்டவராக, ஆண்களோடு உறவுகொள்ளும் ஆணாக, திருநங்கையாக இருந்தால், எந்தத் தொந்தரவும் இல்லாதபோதே ஆண்டுக்கு ஒருமுறை கேளுங்கள். வாழ்க்கைக் கதை முழுவதையும் சொல்ல வேண்டாம். “எனக்கு ஆசனவாய்ப் புற்றுநோய் ஆபத்து அதிகம், பரிசோதித்துப் பாருங்கள்” என்றால் போதும். கூச்சமாக இருந்தால் காகிதத்தில் எழுதி நீட்டுங்கள்.